வாரேன் என்றால் திறக்கும் கதவு

கிருபாசங்கருக்குத் தாகம் எடுத்திருக்கிறதா இல்லையா என்பதை அவனுடைய தண்ணீர் பாட்டில்தான் முடிவு செய்யும். அடியில் நீல விளக்கு மின்னினால் குடிப்பான். மின்னாவிட்டால் நாக்கு வறண்டாலும் சும்மா இருப்பான். பல் விளக்குகிற பிரஷ் அவனுக்கு மார்க் போட்டது. நூற்றுக்கு எண்பத்தொன்று வாங்கிய காலையில், வாயில் நுரையோடு வந்து அதை மனைவியிடம் காட்டினான். ஃபிரிஜ்ஜுக்குள் காமிரா இருந்தது. கதவைத் திறந்தாலே தெரிகிற தக்காளியை அவன் ஆபீசில் உட்கார்ந்து போனில் பார்த்தான். பார்த்ததோடு விடாமல், "மூணு இருக்குது" என்று வீட்டுக்குப் போன் போட்டும் சொன்னான். வீட்டில் இருந்தவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

நாற்பத்து நான்கு வயது. கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் பர்ச்சேஸ் வேலை. மதுக்கரைக்கு முன்னால், பாலக்காட்டு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் புதிதாகப் பிரித்த சைட்டில் சொந்த வீடு. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. கெட்டவன் என்று அவனை யாரும் சொன்னதில்லை. நல்லவன் என்றும் யாரும் தனியாகச் சொன்னதில்லை. அவனைப் பற்றி எதுவுமே யாரும் சொன்னதில்லை என்பதுதான் அவனுடைய கஷ்டம்.

பள்ளிக்கூடத்தில் இருபத்தேழாவது ரேங்க். கல்லூரி போட்டோவில் கடைசி வரிசை ஓரத்தில் பாதி முகம். அவனுடைய கல்யாண வீடியோவிலேயே அவனைவிட மாமனாரின் சித்தப்பா அதிக நேரம் வந்தார். இப்படியே போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒருநாள் கம்பெனியிலேயே முதல் ஆளாக விரலால் தடவுகிற போன் ஒன்றை வாங்கிவிட்டான். அன்று மத்தியானம் கேண்டீனில் ஏழு பேர் அவனைச் சுற்றி நின்றார்கள். ஜெனரல் மேனேஜரே கையை நீட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே கிருபா" என்றார். அவருக்கு அவன் பெயர் தெரியும் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த அரைமணி நேரத்தை அவனால் மறக்கவே முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் வாங்கிக் குவித்ததெல்லாம் அந்த அரைமணி நேரத்துக்காகத்தான், பாவம்.

மனைவி கோகிலவாணி ஸ்கூல் டீச்சர். ஒவ்வொரு பெட்டி வந்து இறங்கும்போதும் அவள் ஒரே கேள்விதான் கேட்பாள்: "இது எதுக்குங்க?" அவன் விளக்கி முடிப்பதற்குள் அவள் சமையலறைக்குப் போயிருப்பாள். தரை துடைக்கிற ரோபோ வந்த முதல் நாளே, கீழே கொட்டியிருந்த இட்லி மாவில் ஏறி, வீடு முழுக்க மாவைப் பூசிவிட்டது. வீட்டில் வேலைக்கு இருந்த காளியாத்தாள் முட்டி போட்டுத் துடைத்தாள். கிருபாசங்கர் சோபாவில் கால் தூக்கி வைத்துக்கொண்டு, அது எந்தெந்த வழியாகப் போனது என்கிற வரைபடத்தைப் போனில் ரசித்துக்கொண்டிருந்தான்.

காளியாத்தாளை இந்த வீட்டில் வேலைக்கு வைத்தது சமையலுக்கோ தரை துடைப்பதற்கோ அல்ல, பெரியவரைப் பார்த்துக்கொள்ள. பெரியவர் ஆறுச்சாமி, கோகிலவாணியின் அப்பா. மாமியார் போனபிறகு வெள்ளகோவிலிலிருந்து கூட்டி வந்துவிட்டார்கள், ஒரே பெண். வந்த ஆறு மாதத்தில் அவருக்கு மறதி முற்றிவிட்டது. மகளின் பெயர் போய்விட்டது. ஊரில் விளைவித்து விற்ற முருங்கைக்காய் மட்டும் போகவில்லை. எந்த நேரமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "காய் வாடிப்போகும், மண்டிக்குப் போகோணும்" என்று கிளம்பிவிடுவார். இரண்டு முறை மெயின் ரோடு வரை போய்விட்டார். ரோட்டோரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் யூனுஸ்தான் இரண்டு முறையும் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, கொண்டுவந்து விட்டார்.

காளியாத்தாளுக்கு ஐம்பத்தாறு வயது. இதற்கு முன்னால் ஐந்து வீடுகளில் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களையும் நினைவு தப்பியவர்களையும் பார்த்து அனுப்பியிருக்கிறாள். அந்த வேலைக்கு ஏஜென்சி, சர்டிபிகேட் எல்லாம் இப்போது உண்டு. அவளிடம் அதெல்லாம் கிடையாது. "காளியாத்தா கையில உட்டா கவலையில்லீங்க" என்று ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரிடம் சொல்வார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அவள் பிழைத்தாள். வாய் கொஞ்சம் நீளம். பெரியவரை அதட்டுவாள், கிருபாசங்கரையும் விட மாட்டாள். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பும்போது, ஹாலில் நாற்காலியில் இருக்கும் பெரியவரிடம் போய், "வாரேனுங்கய்யா" என்று சொல்லாமல் ஒருநாளும் படி இறங்கியதில்லை.

அவள் ஐந்து மணிக்குப் போவாள், கோகிலவாணி ஐந்தே முக்காலுக்கு வருவாள். இடையில் முக்கால் மணி நேரம் பெரியவர் தனியாக இருக்க வேண்டும். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் கதவு வந்தது.

"வெளிய ஒரு கொண்டி போட்டுப் பூட்டுனாப் போதுமுங்க" என்றாள் கோகிலவாணி.

"இந்தக் காலத்துல கொண்டியா?" என்று சிரித்தான் கிருபாசங்கர்.

வந்தது சாம்பல் நிறக் கதவு. சாவி கிடையாது, கைப்பிடிகூடக் கிடையாது. சாத்தினால் 'டிக்' என்று தானே பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து திறக்க ஒரு எண்ணை அழுத்த வேண்டும். பெரியவரால் அது முடியாது. வெளியிலிருந்து வருகிறவர்களின் விரலைப் பார்த்து, தானே உள்பக்கமாக விரிந்து வழிவிடும். திறக்கும்போது மட்டும் துளிச் சத்தம் வராது. அந்தச் சத்தமில்லாமைக்காகவே தனி மோட்டார் வைத்திருக்கிறது என்று அவன் எல்லோரிடமும் சொன்னான்.

காளியாத்தாளின் விரலை அது படிக்கவில்லை. நாற்பது வருஷம் புளியும் சாம்பலும் தேய்த்த கையில் ரேகை எங்கே இருக்கிறது? பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். பத்துக்கும் சிவப்பு விளக்கு. "ஆதார்லயும் இதேதானுங்க தம்பி, என்னைய ஆள்னே ஒத்துக்க மாட்டீங்குது" என்றாள். அதனால் அவளுக்காகக் குரல் வழி ஏற்பாடு செய்தான். வீட்டு ஆட்களின் குரலைப் பதிந்துகொண்டு, ஒரு சொல்லையும் பழக்கிவிட்டால் போதும். பதிந்த குரல் அந்தச் சொல்லைச் சொன்னால் கதவு திறக்கும். என்ன சொல் வைக்கலாம் என்று அவன் இரண்டு நாள் யோசித்தான். அப்புறம் அவனுக்கே புல்லரிக்கும்படி ஒன்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ஆட்கள் நான்கைந்து பேரை வீட்டுக்குக் கூப்பிட்டான். எல்லோரையும் வாசலில் நிறுத்திவிட்டு, கதவுக்கு முன்னால் போய் நின்று, "வாரேன்" என்றான். கதவு விரிந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. "கொங்குத் தமிழ் தெரிஞ்ச கதவுங்க, தமிழ்நாட்டுலயே எங்கூட்டுலதான்" என்றான். கைதட்டினார்கள். மதன்குமார் என்கிற ஜூனியர் அதை வீடியோ எடுத்தான்.

காபித் தட்டோடு நின்றிருந்த காளியாத்தாள் கேட்டாள், "ஏனுங் தம்பி, போறப்ப என்ன சொல்லோணுமுங்க?"

"போறப்ப ஒன்னும் சொல்ல வேண்டாமுங்க. சாத்துனா அதுவே பூட்டிக்கும்."

"ஒன்னுஞ் சொல்லாமப் போறதுக்கு இதென்ன எழவு ஊடுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சாவு வீட்டிலிருந்துதான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள். மற்ற எந்த வீட்டிலும் போகிறவர் 'வாரேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டிருக்கிற வழக்கம். கிருபாசங்கருக்கு அது அந்த நிமிஷத்திலாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வேலைக்காரி நடுவில் புகுந்து கைதட்டலைக் கெடுத்துவிட்டாளே என்ற எரிச்சல்தான் அவனுக்கு வந்தது. அவனே எங்கே போனாலும் போனைப் பார்த்துக்கொண்டு 'பை' என்று போகிறவன். அவனுடைய காதிலிருந்து அந்தச் சொல் எப்போதோ கழன்று போயிருந்தது.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. காளியாத்தாள் ஹாலுக்குள் இருந்தே விடைபெற்றாள். அங்கிருந்து சொல்வது வெளியே இருக்கும் மைக்குக்குக் கேட்காது.

நான்காவது வாரம் ஒரு புதன்கிழமை. கோகிலவாணி வீட்டுக்கு வந்தபோது கதவு அகலத் திறந்து கிடந்தது. நாற்காலி காலியாக இருந்தது. அவள் போனை எடுப்பதற்குள் யூனுஸிடமிருந்து போன் வந்துவிட்டது. இந்த முறை அவரால் பிடிக்க முடியவில்லை. பெரியவர் பாதி ரோட்டைத் தாண்டியபிறகுதான் பார்த்தாராம், கத்தினாராம், லாரி நிற்கவில்லையாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கொஞ்ச நேரத்தில் பெரியவர் போய்விட்டார்.

கிருபாசங்கர் ஆபீசிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். உள்ளே மனைவி அழுகிற சத்தம் கேட்டது. "கதவு எப்படிங்க தெறந்துச்சு? எங்கப்பாவுக்கு அந்த நம்பர் தெரியாதுங்களே" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து, காருக்குள் உட்கார்ந்து போனைத் திறந்தான். கதவுக்கு மேல் காமிரா இருந்தது. நடந்தது நடந்தபடி அதில் இருந்தது.

காளியாத்தாள் வெளியே வருகிறாள். கதவைச் சாத்துகிறாள், ஒருமுறை தள்ளியும் பார்க்கிறாள். 'ஐந்து இரண்டு, கதவு பூட்டியது' என்று கீழே எழுத்து ஓடுகிறது. பையை மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்குகிறாள். தூங்குகிறவரை எழுப்ப மனமில்லாமல் சொல்லிக்கொள்ளாமல் வந்திருப்பாள் போல. அப்போது ஜன்னலிலிருந்து பெரியவரின் குரல்: "காளியாத்தா, போறயா?" அவள் திரும்பிக் கதவருகில் வந்து, ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொல்கிறாள்: "போகலீங்கய்யா. வாரேன்." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வேகமாக இறங்கிப் போகிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு துளிச் சத்தமில்லாமல் விரிகிறது. 'ஐந்து மூன்று, குரல் வழி, காளியாத்தாள், வரவேற்பு.' விளக்கு எரிகிறது. கொஞ்ச நேரம் கழித்து, வேட்டியை மடித்துக் கட்டியபடி, ஒரு காலில் மட்டும் செருப்போடு பெரியவர் வெளியே வருகிறார்.

கிருபாசங்கர் அதை மூன்று தடவை பார்த்தான். மாமனார் மேல் அவனுக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. அழுகை வந்தது, அழுதான். ஆனால் அழுகையைவிடப் பயம் பெரிதாக இருந்தது. மனைவி என்ன சொல்வாள் என்கிற பயம் பாதி. மீதிப் பாதி கேண்டீன். 'மாமனாரை ரோட்டுக்கு அனுப்பற கதவு' என்று மதன்குமார் சொல்வான், அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், ஏழு பேர் சுற்றி நின்று சிரிப்பார்கள். மாமனார் உள்ளே வெள்ளைத் துணிக்கு அடியில் கிடக்கும்போது மனுசனுக்கு இது தோன்றியது.

வீடியோவை அழித்தான். 'ஐந்து மூன்று' என்ற பதிவை அழித்தான். நிரந்தரமாக நீக்கவா என்று போன் மரியாதையாகக் கேட்டது. ஆம் என்று அழுத்தினான். போனைப் பையில் வைத்தான், கார்க் கதவைத் திறந்து இறங்கப் போனான், மறுபடி உட்கார்ந்தான். 'ஐந்து இரண்டு, கதவு பூட்டியது' என்பது இன்னும் இருந்தது. அது இருந்தால், காளியாத்தாள் பூட்டினாள் என்றாகிவிடும். அப்புறம் திறந்தது யார் என்ற கேள்வி வரும். அதையும் அழித்தான். முதல் இரண்டையும் பயத்தில் அழித்தான் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதை அழித்தபோது அவனுக்கு நல்ல நிதானம் வந்திருந்தது. அப்படியே கையோடு கையாக 'வாரேன்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, 'ஓப்பன்' என்று மாற்றினான்.

மறுநாள் சவம் வீட்டு வாசலில் இருந்தபோது காளியாத்தாள் தலைதெறிக்க ஓடி வந்தாள். அவளுக்கு விஷயம் அப்போதுதான் தெரிந்திருந்தது. வெள்ளகோவில் சொந்தக்காரர்கள் அவளைப் படியேற விடவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போன மகராசி இவள்தானா என்று ஒருத்தி கேட்டாள்.

"நான் சாத்தீட்டுத்தானுங்க போனேன். டிக்குனு சத்தங் கேட்டனுங்க. தள்ளிக்கூடப் பாத்தனுங்க" என்றாள். யாரும் நம்பவில்லை. அவள் கூட்டத்தில் கிருபாசங்கரைத் தேடிப் பிடித்தாள். "தம்பி, நீங்க சொல்லுங்க. எல்லாமே போனுல வருமுன்னு சொல்லுவீங்களே. எறும்பு போனாலும் காட்டுமுன்னு சொன்னீங்களே. அதயக் கேளுங்க தம்பி. அது சொல்லட்டும்."

ஒரு வருஷமாக அவன்தான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன். மனுசன் பொய் சொல்லுவான், மறப்பான், மெஷின் இரண்டும் செய்யாது என்று ரோபோவிலிருந்து பிரஷ் வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் பாடம் எடுத்திருக்கிறான். அவள் அதை நம்பியிருந்தாள். அவள் முகத்தில் அப்போது பயமே இல்லை. தன் பக்கம் பேச ஒரு சாட்சி இருக்கிறது என்ற தைரியம்தான் இருந்தது.

கிருபாசங்கர் போனை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி பிடித்தான். காலை எட்டேகாலுக்குக் கோகிலவாணி ஸ்கூலுக்குக் கிளம்பியபோது கதவு பூட்டியது. அதற்கு அடுத்த வரி சாயங்காலம் ஐந்து ஐம்பதுக்கு, அவள் திரும்பி வந்து சாத்தியது. உள்ளேயிருந்து எண்ணை அழுத்தித் திறப்பது அதில் பதியாது. நடுவில் ஒன்றுமில்லை.

"பூட்டுன மாதிரி இல்லீங்களே" என்றான். குரல் நடுங்கவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

காளியாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து, அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே இருந்த வெள்ளை இடத்தை வெகுநேரம் பார்த்தாள். "அப்ப நாந்தானுங்களா?" என்றாள். அவனைப் பார்த்துத்தான் கேட்டாள். அவன் போனைப் பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த பதினைந்து நாட்களில் அவளுக்கு என்ன ஆனது என்பது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பேரூரில் ஒரு வீட்டார் அடுத்த மாதத்திலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முன்பு வேலை செய்த வீட்டில்கூட, நல்லவேளை நம் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அவள் தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு நான்கு அடி போவாள், திரும்பி வந்து தள்ளிப் பார்ப்பாள், மறுபடி போவாள், மறுபடி வருவாள். அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடுவாள். ஒருவேளை தனக்கும் பெரியவருடைய வியாதி வந்துவிட்டதோ என்று மகளிடம் கேட்டாளாம்.

துக்க வீட்டிலோ வேறு நடந்தது. மூன்றாம் நாள், பெருந்துறையிலிருந்து வந்த ஒன்றுவிட்ட மச்சான் ஒருத்தர் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்னுங்க மாப்ள, கைப்பிடியே காணோம்?" என்றார். கிருபாசங்கர் முதலில் தயங்கினான். அப்புறம் வெளியே போய் நின்று, "ஓப்பன்" என்றான். கதவு விரிந்தது. இன்னொருமுறை செய்யச் சொன்னார்கள். செய்தான். விலை என்ன, மழையில் நனைந்தால் என்ன ஆகும், கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டு, மாலை போட்ட பெரியவர் படத்துக்கு முன்னால் நின்று பதில் சொன்னான். நெற்றியில் திருநீறும் இடுப்பில் ஈர வேட்டியுமாக, முகம் கொஞ்சம் மலர்ந்துகூட இருந்தது. கோகிலவாணி அறைக்குள்ளிருந்து அதைப் பார்த்தாள். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதினாறாம் நாள் கருமாதி. பந்தி முடிந்து, ஆட்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் காளியாத்தாள் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பந்தலின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து, கோகிலவாணியின் காலில் விழுந்தாள். கோகிலவாணி விலகிக்கொண்டாள்.

"அம்மணி, நான் நெதமும் ரோசன பண்ணிப் பாத்துட்டனுங்க" என்று தரையிலிருந்தபடியே பேசினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடுனனுங்க. கதவ வெறுமனே இழுத்து உட்டுட்டு வந்துபோட்டேனுங்க. சத்தங் கேட்ட மாதிரி எனக்காத் தோணீருக்குது. அந்தப் பொட்டிக்கு என்மேல என்னுங்க கோவம், அது எதுக்குங்க பொய் சொல்லப் போகுது? நாந்தானுங்க அம்மணி. நாந்தான் அய்யாவக் கொன்னுபோட்டேன்."

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உள்ளே போய்விட்டாள். காளியாத்தாள் எழுந்து, கண்ணைத் துடைக்காமல், கிருபாசங்கர் பக்கம் திரும்பி நின்றாள். நாற்பது பேர் அவனைப் பார்த்தார்கள்.

உண்மை அவன் வாய் வரைக்கும் வந்தது. இதைப் பொய்யாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வந்தது. ஒரே ஒரு வரி. சொல்லியிருந்தால் அவள் நிமிர்ந்து நடந்து போயிருப்பாள், பேரூர் வீட்டுக்காரர்கள் அடுத்த வாரமே ஆள் அனுப்பியிருப்பார்கள், அவள் ராத்திரி தூங்கியிருப்பாள். அவன் எச்சில் விழுங்கினான். அதோடு அந்த வரியும் போய்விட்டது.

"உடுங்க" என்றான், குழைவான குரலில். "மனுசனுக்கு மறதி சகஜந்தானுங்க. நாங்க மனசுல வெச்சுக்க மாட்டோமுங்க. நீங்களும் போட்டு வருத்திக்காதீங்க."

எத்தனை பெரிய மனசு பாருங்க என்று வெள்ளகோவில் பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். காளியாத்தாளுக்கு அதைக் கேட்டு மறுபடி அழுகை வந்தது. இந்தப் பதினைந்து நாளில் அவளிடம் இப்படி இதமாக யாரும் பேசவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "நீங்க நல்லா இருக்கோணுமுங்க தம்பி, உங்க கொலம் வெளங்கோணும்" என்று அவனைக் கும்பிட்டாள்.

கிருபாசங்கரும் கைகூப்பி அதை வாங்கிக்கொண்டான்.